எம்போலைசேஷன் – தக்கையிடல்

ரத்தக்குழாயில் அடைப்பு என்றாலே நமக்கு வியாதிதான். அந்த அடைப்பை மருத்துவரே வேண்டுமென்று உண்டாக்கினால் அதற்குப் பெயர் எம்போலைசேஷன். எங்கேயோ ரத்தம் நிற்காமல் கசிகிறது. அங்கே போகிற தமனியையே உள்ளிருந்து மூடிவிடுகிறார்கள்.

வயிற்றுத் தசையில் தானாக ஏற்படும் ரத்தக்கசிவு இதற்கு நல்ல உதாரணம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், ஹெப்பாரின் எடுக்கும் வயதானவர்களிடம்தான் இதை அதிகம் பார்க்கலாம். அடி ஏதும் பட்டிருக்காது. பலமாக இருமியதே போதும். தொப்புளின் இருபுறமும் மேலும் கீழுமாக ஓடும் தசைப்பட்டைக்குப் பின்னால் போகும் தமனி கிழிந்து ரத்தம் கட்டிக்கொள்ளும். தசையை மூடியிருக்கும் உறைக்கு அடிவயிற்றில் உறுதியான பின்சுவர் கிடையாது. அதனால் அங்கே கசியும் ரத்தம் தடையின்றி இடுப்புக்குழி வரை பரவும். குடல்வால் அழற்சியோ என்று சந்தேகப்பட வைக்கும் வலி. படுத்தபடி தலையைத் தூக்கச் சொல்லி, இறுகிய வயிற்றை அழுத்திப் பார்ப்பார்கள். வலி குறையாவிட்டால் கோளாறு குடலில் அல்ல, வயிற்றுச் சுவரில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தி, தேவைப்பட்டால் ரத்தம் ஏற்றினாலே சரியாகிவிடும். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போய், சி.டி. ஸ்கேனில், படம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் ஏற்றிய சாயம் குழாய்க்கு வெளியே கசிவதும் தெரிந்தால்தான் எம்போலைசேஷன். கத்தி வைத்துத் திறப்பதில் ஒரு சிக்கல்: கட்டிய ரத்தமே கசிவை அழுத்திப் பிடித்திருக்கும், திறந்ததும் அந்தப் பிடி போய்விடும். ஆகவே பெரும்பாலும் தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயை நுழைத்து, கசியும் கிளையைத் தேடிப் போய், உலோகச் சுருளையோ ஜெலட்டின் பஞ்சையோ பசையையோ வைத்து மூடுகிறார்கள். மார்புப் பக்கமிருந்து இறங்கும் இன்னொரு தமனியும் இதே தசைக்கு வருவதால் கீழ்ப்பக்கம் மட்டும் மூடினால் போதாமல் போகலாம்; முடிந்தவரை கசியும் இடத்தின் இருபுறமும் மூடுவார்கள்.

இனி சொல்லுக்கு வருவோம். கிரேக்கத்தில் 'எம்போலோஸ்' என்றால் ஆப்பு, அடைப்பான். போர்க்கப்பலின் இடிமுனைக்கும் அதுதான் பெயர். 'உள்ளே எறி' என்ற வினையிலிருந்து வந்தது. ரத்தக்கட்டி ஓரிடத்தில் பிய்ந்து வேறிடத்தில் போய் அடைப்பதை 19ஆம் நூற்றாண்டில் விளக்கிய ஜெர்மானிய மருத்துவர் விர்கோ அந்தக் கட்டிக்கு இச்சொல்லை எடுத்தாண்டார். நோய்க்கு எம்போலிசம் என்று பெயராயிற்று. நோய் செய்வதையே சிகிச்சையாக்கியதுதான் எம்போலைசேஷன். 1972இல் அமெரிக்காவில் ரோஷ், டாட்டர் முதலியோர் நோயாளியின் சொந்த ரத்தக்கட்டியையே தமனிக்குள் செலுத்தி இரைப்பைக் கசிவை நிறுத்திய செய்தியை வெளியிட்டார்கள்.

தமிழில் எம்போலிசத்துக்குத் 'தக்கையடைப்பு' என்ற சொல் இருக்கிறது. அருமையான தேர்வு. தக்கை புட்டியை மூடும், தூண்டிலில் மிதக்கவும் செய்யும். ரத்தக்கட்டியும் மிதந்து போய்த்தானே மூடுகிறது! சிகிச்சையைத் 'தமனி அடைப்பு' என்று எழுதுவது மட்டும் வேண்டாம். ஒப்புதல் படிவத்தில் அதைப் படிக்கிற வீட்டார் மாரடைப்பு என்று பதறிவிடுவார்கள். தானாக வருவது தக்கையடைப்பு, நாம் செய்வது தக்கையிடல் என்று பிரித்துக்கொள்ளலாம். 'தமனித் தக்கையிடல்' என்றால் தமிழ்நாட்டில் புரியும். இலங்கைப் பாடநூல்களில் தமனிக்கு நாடி என்று பெயர், எனவே அங்கே 'நாடித் தக்கையிடல்'.