அரை மணி நேரத்தில் காணாமல் போகும் வாசனை

காய்ச்சல் வந்தால் எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு குப்பி கீழே இறங்கும். பாட்டி அதை யூடிகோலன் என்பார், அப்பா ஓடிகோலன் என்பார். ஓ டி கொலோன், அதாவது கொலோன் நகரத்துத் தண்ணீர் என்ற பிரெஞ்சுப் பெயர் நம்மூர் வாயில் விழுந்து எழுந்த கதை அது. கிண்ணத்துத் தண்ணீரில் நாலு சொட்டு விட்டு, கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து நெற்றியில் போடுவார்கள். எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோல ஒரு வாசம் வரும், நெற்றி சில்லென்று ஆகும். அந்த வாசம்தான் மருந்து என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாபகத்தில் சமீபத்தில் ஒரு கொலோன் வாங்கினேன். காலையில் தாராளமாகப் பூசிக்கொண்டு கிளம்பினால், பஸ் ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்குவதற்குள் வாசனை போயே போய்விட்டது. நண்பனிடம் சொன்னால், "டூப்ளிகேட் தலையில கட்டிட்டாங்கடா" என்று ஒரே போடாகப் போட்டான். இல்லை, சரக்கு அசல்தான். கொலோன் என்றால் அப்படித்தான் இருக்கும், அதன் வேதியியல் அப்படி.

வாசனை என்பது ஒரு பொருளிலிருந்து பிய்த்துக்கொண்டு காற்றில் ஏறி நம் மூக்குக்குள் வந்து சேரும் மூலக்கூறுதான். ஆக, ஒன்று மணக்கிறது என்றாலே அது கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு வேகமாகக் காலியாகும் என்பதில்தான் வித்தியாசம். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்களில் நிறைய இருப்பது லிமோனீன். அதன் மூலக்கூறு எடை 136, கொதிநிலை 176 டிகிரி செல்சியஸ். கூட இருப்பவற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள அதில் ஆக்சிஜன் கொக்கி எதுவும் கிடையாது. தோலில் பட்டதும் உடம்புச் சூட்டில் பறந்துவிடும். சந்தன எண்ணெயில் இருக்கும் சாண்டலால் வேறு ரகம். எடை 220, கொதிநிலை 300 டிகிரிக்கும் மேல், போதாததற்கு ஆல்கஹால்களுக்கு உரிய ஓ-ஹெச் முனை ஒன்றும் உண்டு, அது பக்கத்து மூலக்கூறைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும். கிளம்ப மனசே வராத விருந்தாளி மாதிரி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நான் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையை மூன்று பட்டைகளாக வெட்டி, ஒன்றில் கொலோன், ஒன்றில் சந்தன எண்ணெய், ஒன்றில் மளிகைக் கடையில் தொங்கும் மலிவு விலை ஸ்ப்ரே என்று விட்டு, ஜன்னலோரம் க்ளிப் போட்டு வைத்தேன். முதல் நிமிடம் கொலோன்தான் ராஜா, மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்க முடியாது. இருபது நிமிடத்தில் எலுமிச்சை போய், கஷாயம் மாதிரி லேசான தழை வாசம் மட்டும் மிச்சம் (ரோஸ்மேரி, லாவெண்டரின் வேலை அது). இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பட்டையில் அச்சு மையின் வாசம்தான் வந்தது. சந்தனம் மெதுவாகத்தான் எழுந்தது, ஆனால் மறுநாளும் இருந்தது. ஸ்ப்ரே அடித்த பட்டை மறுநாளும் இருந்தது மட்டுமல்ல, ஜன்னல் திரைக்கும் கொஞ்சம் தானம் செய்திருந்தது.

கொலோனை உண்டாக்கியவருக்கு நாள் முழுக்க மணக்க வேண்டும் என்ற எண்ணமே இருந்ததாகத் தெரியவில்லை. யோஹான் மரியா ஃபரினா இத்தாலியில் பிறந்து ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்கு வந்தவர், அவர்கள் கடை தொடங்கியது 1709இல். தன் வாசனை, மழை விட்ட இத்தாலிய வசந்தகாலக் காலையை நினைவூட்டுவதாக அண்ணனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். காலை என்றால் காலை மட்டும்தானே! பிறகு அதே ஊரில் ஆளாளுக்குக் காய்ச்சத் தொடங்கினார்கள். பிரபலமான 4711 என்பது, பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்திருந்த காலத்தில் ஒரு வீட்டுக்குப் போட்ட கதவிலக்கம். அந்த நாட்களில் இதை மருந்தென்று குடிக்கவும் செய்தார்கள். பாட்டியை நான் சும்மா குறை சொல்லக்கூடாது.

விலை மலிவுக்குக் காரணமும் உள்ளேயே இருக்கிறது. கொலோனில் வாசனை எண்ணெய் பொதுவாக 2 முதல் 5 சதவீதம்தான், மிச்சமெல்லாம் எரிசாராயமும் தண்ணீரும். ஆரஞ்சு எண்ணெய் ஜூஸ் ஆலைகளில் பிழிந்த தோலிலிருந்தே கிடைத்துவிடும். விலை உயர்ந்தது நெரோலி எனும் பூ எண்ணெய். நம் நாரத்தைக்குச் சொந்தக்கார மரமான கசப்பு ஆரஞ்சின் பூவைச் சுமார் ஆயிரம் கிலோ வடித்தால் ஒரு கிலோ எண்ணெய் தேறும். அதனால் அதே மரத்தின் இலையையும் குச்சியையும் வடித்த பெட்டிட்கிரெய்ன் எண்ணெயை வைத்துப் பலர் சமாளிக்கிறார்கள். மோசமில்லை, எனக்கு அந்தப் பச்சை வாசம்தான் பிடித்திருக்கிறது.

சரி, அந்த மளிகைக் கடை ஸ்ப்ரே மட்டும் எப்படி மறுநாள் வரை நிற்கிறது? அங்கே வெடிமருந்து வருகிறது. 1888இல் ஆல்பர்ட் பாவுர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் டி.என்.டி.யின் உறவுக்காரப் பொருள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ஒன்று கஸ்தூரி மாதிரி மணந்தது. செயற்கைக் கஸ்தூரியின் கதை அங்கேதான் தொடங்கியது. இன்று அதிகம் புழங்கும் செயற்கைக் கஸ்தூரியான கேலக்ஸோலைடு வேறு குடும்பம், எடை 258. துணி துவைக்கும் பவுடரிலும் அதே சரக்குதான், அதனால்தான் மலிவு சென்ட் பலவும் சலவைத் துணி மாதிரி மணக்கின்றன. ஆண்களுக்கென்று விற்பவற்றில் வரும் அந்த உலோகம் கலந்த எலுமிச்சை நெடி பெரும்பாலும் டைஹைட்ரோமிர்சினால். டர்பன்டைனிலிருந்து மலிவாகச் செய்துவிடலாம். கேலக்ஸோலைடின் வாசனை பிறவியிலேயே தெரியாதவர்களும் உண்டு, தெரிந்தவர்களின் மூக்கும் சில நிமிடங்களில் பழகி அறிவிப்பதை நிறுத்திவிடும். பூசியவர் "ஒண்ணும் வரலையே" என்று இன்னும் நாலு தடவை அடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறுவார், தலைவலி நமக்கு.

அத்தர்காரர்கள் இதே சிக்கலை எப்போதோ வேறு வழியில் தீர்த்துவிட்டார்கள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் ரோஜாவைச் செப்புப் பானையில் போட்டு வடிக்கும்போது, ஆவி வந்து விழும் பாத்திரத்தில் சந்தன எண்ணெயை ஊற்றி வைப்பது பழைய முறை. பறக்கப் பார்க்கும் பூ வாசத்தைச் சந்தனம் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்றைய சந்தன விலையில் மலிவான அத்தர்களுக்குப் பாரஃபின் எண்ணெய்தான் வாய்க்கிறது, அதற்கென்று தனி வாசனை கிடையாது.

நெற்றித் துணி சில்லென்று ஆனதற்கும் வாசனைக்கும் சம்பந்தமில்லை. துணியிலிருக்கும் தண்ணீரும் சாராயமும் ஆவியாகும்போது சூட்டைத் தோலிலிருந்து எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். குழந்தைகளுக்கு அப்படிச் செய்யாதீர்கள், சாராயம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். இன்னொன்று, கொலோனில் சேர்க்கும் பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் எண்ணெயில் பெர்கப்டீன் என்ற பொருள் உண்டு. அதைக் கழுத்தில் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் சிவந்து, பிறகு கருந்திட்டாகத் தங்கிவிடலாம். இப்போது பெர்கப்டீனை நீக்கிய எண்ணெய் கிடைக்கிறது, ஆனாலும் நம்மூர் வெயிலுக்கு நான் சட்டைக் காலருக்குள்தான் தடவுகிறேன்.

மிச்சக் கொலோனைச் சின்னக் குப்பியில் ஊற்றி ஆபீஸ் பையில் வைத்திருக்கிறேன். மூன்று மணிக்குத் தூக்கம் சொக்கும்போது கைக்குட்டையில் இரண்டு சொட்டு. பக்கத்து நாற்காலிக்காரர், "யாருப்பா சாத்துக்குடி உரிக்கிறது?" என்று திரும்பிப் பார்ப்பார். அவர் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது போய்விட்டிருக்கும்.