501வது யூனிட்

வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டின் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டில் நின்றால் கரண்ட் பில் 1,725 ரூபாய். இன்னும் பத்து யூனிட் ஓடி 510 ஆகிவிட்டால் 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! இது 2022 செப்டம்பரில் அமலான கட்டணப்படி போட்ட கணக்கு. அதன்பிறகு விலை மாறியிருக்கிறது. அந்தக் கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6. மொத்தம் 500ஐத் தாண்டியதும் 2.25 என்ற படியே காணாமல் போகிறது; அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 கட்ட வேண்டும். 501வது யூனிட்டிலிருந்து 8 ரூபாய்.

ஒரு குடும்பம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்குமா, பிடிக்காதா என்பதை இந்தப் படிக்கட்டுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 'சுற்றுச்சூழல் அக்கறை' என்பது அதற்கு மேல் பூசும் வண்ணம். வடசென்னையில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் தொங்குகிற ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் இது விளங்கும்: சீலிங் ஃபேன்.

பழைய சாதாரண 1,200 மில்லிமீட்டர் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் இழுக்கும். உள்ளே இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதையும் உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருப்பார்கள். நடுவில் காயில் சுற்றிய ஸ்டேட்டர் அசையாமல் நிற்கும், அதைச் சுற்றி வெளிக்கூடு இறக்கையோடு சுழலும். காயிலில் மின்சாரம் பாயும்போது ஒரு காந்தப்புலம் வட்டமடிக்கிறது. 14 துருவம் கொண்ட மோட்டாரில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அந்தப் புலம் நிமிடத்துக்கு 428 சுற்று ஓடும். ஆனால் வெளிக்கூடு அந்த வேகத்தை எட்டவே கூடாது. எட்டினால் கூட்டுக்குள் இருக்கும் அலுமினியக் கம்பிகளில் மின்சாரம் தூண்டப்படாது, தள்ளும் விசையும் இருக்காது. அதனால் ஃபேன் 350ஐ ஒட்டிய வேகத்தில் பின்தங்கியே ஓடுகிறது. இந்தப் பின்தங்கலுக்கு 'ஸ்லிப்' என்று பெயர். இங்கே அது 18 சதவீதம். காற்றிடைவெளியைக் கடந்து வெளிக்கூட்டுக்கு வரும் சக்தியில் அதே 18 சதவீதம் அலுமினியத்தைச் சூடாக்குவதோடு முடிந்துவிடும். செம்புக் காயிலில் போகும் சூடும் இரும்புத் தகடுகளில் போகும் சூடும் இதற்கு மேல். ரொம்ப நேரம் ஓடிய ஃபேனை நிறுத்திவிட்டு நடுக்கிண்ணத்தைத் தொட்டால் கை உணரும்.

பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) ஃபேனில் வெளிக்கூட்டில் நிரந்தர காந்தங்களை ஒட்டியிருப்பார்கள். காந்தம் தானாகவே காந்தமாக இருப்பதால் மின்சாரத்தைத் தூண்டிப் பெற வேண்டிய வேலை இல்லை, ஸ்லிப்பும் இல்லை. கிண்ணத்துக்குள் உள்ள சிறிய போர்டு 230 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றி, காந்தம் எங்கே நிற்கிறது என்று பார்த்து அதற்கு ஏற்ற காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கிறது. அதே காற்று 28 முதல் 35 வாட்டில் கிடைத்துவிடும். அப்படியானால் பழைய ஃபேன் இழுத்த 75 வாட்டில் ஏறக்குறைய 45 வாட் அறையைச் சூடாக்கத்தான் போயிருக்கிறது. கத்திரி வெயிலில், ஷீட் கூரைக்குக் கீழே.

ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடும் ஒரே ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். புது ஃபேனுக்குக் கூடுதலாக 1,500 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு மூன்று வீட்டைப் பார்க்கலாம். புளியந்தோப்பில் ஒற்றை அறை, 90 யூனிட். அங்கே மிச்சமாகும் பணம் பூஜ்யம், ஏனென்றால் பில்லே பூஜ்யம். தண்டையார்பேட்டையில் 190 யூனிட் ஓடும் வீடு. பில்லுக்கு 72 ரூபாய் மிச்சம். போட்ட பணம் திரும்ப மூன்றரை வருடம். பெரம்பூரில் ஏ.சி. உள்ள வீடு, 530 யூனிட். அது 498க்கு இறங்கும்போது பில் 2,190 ரூபாயிலிருந்து 1,713க்கு விழுகிறது. 477 ரூபாய் மிச்சம், நாலாவது பில்லிலேயே போட்ட பணம் கைக்கு வந்துவிடும். ஃபேன் ஒன்றுதான், மிச்சமான யூனிட்டும் அதே 32தான், பலன் மட்டும் மூன்று விதம். புளியந்தோப்புக் குடும்பத்துக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்.

அத்திப்பட்டுக்கு இந்தப் படிக்கட்டு எதுவும் தெரியாது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட், இரண்டாம் கட்டம் 1,200, 2024இல் தொடங்கிவைத்த மூன்றாம் கட்டம் 800. பக்கத்திலேயே வல்லூரில் 1,500. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இந்திய நிலக்கரி சுமார் 700 கிராம் எரிகிறது. ஒரு ஃபேன் வருடத்துக்கு மிச்சம் பிடிக்கும் 190 யூனிட்டுக்கு 130 கிலோவுக்கு மேல் நிலக்கரி. அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் என்று வைத்தாலும் 43 கிலோ வருகிறது, ஒரு சிமென்ட் மூட்டையைவிடக் கொஞ்சம் குறைவு. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து ஆழம் குறைந்த இடங்களை மீனவர்கள் பல காலமாகக் காட்டி வருகிறார்கள். பூஜ்ய பில் வீட்டின் ஃபேனுக்கும் அந்தச் சாம்பலில் சம பங்கு உண்டு.

வாடகை வீட்டில் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. ஃபேனை மாட்டுவது வீட்டுக்காரர், கரண்டுக்குக் காசு கட்டுவது குடியிருப்பவர். வீட்டுக்காரருக்கு விலை குறைந்த ஃபேன்தான் லாபம். குடியிருப்பவருக்கோ பதினோரு மாத ஒப்பந்தம்; மூன்றரை வருடத்தில் திரும்பும் முதலீட்டை அவர் ஏன் போடுவார்? போட்டால் காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போக வேண்டும். அதுவும் நடக்கிறது, ஃபேனைச் சீராக மாட்டிக் கழற்றத் தெரிந்த குடும்பங்கள் இங்கே நிறைய.

பிறகு ரிப்பேர். பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெபாசிட்டர்தான் காரணம். 2.5 மைக்ரோஃபேரட், விலை நூறு ரூபாய்க்குள். ரெகுலேட்டரை முழுதாக வைத்தும் வேகம் வரவில்லை, கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் அதை மாற்றினால் போதும். கடகட சத்தம் வந்தால் பியரிங். காயில் கருகினால் தெருமுனை வைண்டிங் கடை. பி.எல்.டி.சி. ஃபேனில் கெட்டுப்போவது பெரும்பாலும் போர்டு. ஒரு கம்பெனி போர்டு இன்னொரு கம்பெனி ஃபேனில் சுலபத்தில் உட்காராது. காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் உப்புக்காற்று வேறு. மேலே பாதுகாப்புப் பூச்சு இல்லாத போர்டில் சால்டர் முனைகள் பச்சை பூத்துவிடும். வாங்கும்போது எத்தனை நட்சத்திரம் என்று கேட்பதோடு போர்டு தனியாகக் கிடைக்குமா, வாரண்டி போர்டுக்கும் சேர்த்தா என்றும் கேட்க வேண்டும்.

மாட்டும்போது செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டர் வழியாகவே பி.எல்.டி.சி. ஃபேனுக்கு லைன் கொடுப்பார்கள். அந்த ரெகுலேட்டர் மின்னலையை வெட்டி வெட்டி அனுப்பும் வகை என்றால், போர்டில் இருக்கும் கெபாசிட்டர் ஒவ்வொரு வெட்டிலும் திடீர் கரண்டை வாங்கிச் சூடாகி, நாளடைவில் உப்பிவிடும். "ஆறே மாசத்துல ஃபேன் போச்சு" என்ற புகாரைக் கேட்டால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு ஸ்விட்சிலிருந்து நேராக லைன் கொடுப்பதே சரி. வேகத்தை ரிமோட் பார்த்துக்கொள்ளும்.

இவ்வளவு தடை இருந்தும் ஜனங்கள் பி.எல்.டி.சி. ஃபேன் வாங்குகிறார்கள். பெரும்பாலும் வேறு காரணங்களுக்காக. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரியில் இரண்டு மடங்கு நேரம் ஓடும். சாயங்காலம் வோல்டேஜ் 190க்கு இறங்கும்போது பழைய மோட்டாரின் இழுவை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்து மூன்றில் இரண்டு பங்காகிவிடும்; போர்டு வைத்த ஃபேன் அசராது. படுத்த இடத்திலிருந்தே ரிமோட்டை அமுக்கலாம். சிக்கனம் இலவச இணைப்பாக வந்து சேர்கிறது. இதில் குறை சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

விலை எப்படி இறங்கும் என்பதற்கு எல்.இ.டி. பல்பு நல்ல சாட்சி. மத்திய அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல். கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டபோது ஒரு பல்பின் கொள்முதல் விலை 2014இல் 310 ரூபாய். 2016இல் 38 ரூபாய். இவ்வளவு வாங்க ஆள் இருக்கிறது என்ற உறுதி கிடைத்ததும் தொழிற்சாலைகள் புது இயந்திரம் போட்டன, விலை விழுந்தது. வாங்குபவர் பழக்கமும் தொழிற்சாலை நவீனமாவதும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. ஃபேனுக்கு அரசு பிடித்த முனை வேறு. 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளுகிறது என்பதை வாட்டால் வகுப்பார்கள். 1,200 மில்லிமீட்டர் ஃபேன் குறைந்தது 210 கன மீட்டர் தள்ள வேண்டும். அந்த ஆண்டின் விதிப்படி, வகுத்து வரும் எண் 4 என்றால் ஒரு நட்சத்திரம், 6 என்றால் ஐந்து. அதாவது ஒரு நட்சத்திரம் வாங்கவே 52 வாட்டுக்குள் இருந்தாக வேண்டும். 75 வாட் ஃபேனுக்கு 2.8தான் வருகிறது, நட்சத்திரமே கிடையாது. இதனால் இண்டக்‌ஷன் ஃபேன் செய்பவர்களும் செம்பைக் கூட்டி, தகட்டின் தரத்தை உயர்த்தி, ஐம்பதை ஒட்டி வாட்டை இறக்க வேண்டியதாயிற்று. வாங்குபவர் ஒரு எழுத்தும் படிக்காமலே மிச்சம் பிடிக்கிறார்.

அக்கம்பக்கத்தைக் காட்டிச் சிக்கனம் பழக்கும் வழியும் உண்டு. கலிஃபோர்னியாவின் சான் மார்க்கோஸில் 290 வீடுகளில் நடத்தி 2007இல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வட்டாரத்தின் சராசரி மின்சாரச் செலவைத் தெரிவித்தார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். ஏற்கெனவே குறைவாகச் செலவழித்தவர்களோ 'நாமதான் ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறோம் போல' என்று கூட்டிவிட்டார்கள்! சீட்டில் ஒரு சிரித்த முகமும் வரைந்து கொடுத்த சிக்கன வீடுகளில் அந்த ஏற்றம் வரவில்லை.

வியாசர்பாடி தொழிற்பேட்டையிலோ மணலியிலோ ஒரு பட்டறைக்குள் நுழைந்தால் அதே இண்டக்‌ஷன் மோட்டார் பெரிய உருவில் நிற்கும். இங்கே முடிவெடுப்பவர் முதலாளி. அவருக்கும் கருகிய மோட்டாரைச் சீக்கிரமே ஓடவைக்க வேண்டிய அவசரம்தான். ஜாப் ஆர்டர் காத்திருக்கிறது, புது மோட்டார் வர நாளாகும், வைண்டிங் கடை நாளைக்கே கொடுத்துவிடும். பழைய காயிலை உருவ நெருப்பு வைப்பார்கள். உலையில் 360 டிகிரியை ஒட்டிக் கட்டுப்படுத்திச் செய்தால் பாதகமில்லை. வெல்டிங் டார்ச்சால் காட்டினால் இரும்புத் தகடுகளுக்கு இடையிலுள்ள காப்புப் பூச்சு எரிந்து தகடோடு தகடு ஒட்டிக்கொள்ளும், இரும்பை வீணாகச் சூடாக்கும் சுழல் மின்னோட்டம் பெருகும். சுற்று எண்ணிக்கை குறைந்தாலும் கம்பி மெலிந்தாலும் நஷ்டம் இன்னும் கூடும். கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று: வாங்கிய புதிதில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, சுமையில்லாமல் ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் மூன்று பேஸ் கரண்டையும் பார்த்துச் சுவரில் எழுதிவைப்பது. ரீவைண்டிங் முடிந்து வந்ததும் மறுபடி அளந்தால் எண் ஏறியிருக்கிறதா என்று தெரியும்.

10 ஹெச்.பி., நான்கு துருவ மோட்டார் ஐ.இ.1 என்ற அடிநிலைத் திறன் தரத்தில் 86 சதவீதத் திறன், அதைவிட உயர்ந்த ஐ.இ.3 தரத்தில் 90.4. முழுச் சுமையில் 0.42 கிலோவாட் வித்தியாசம். வருடம் 2,400 மணி நேரம் ஓடினால் ஆயிரம் யூனிட். ரீவைண்டிங்கில் இரண்டு புள்ளி இழந்த மோட்டாரோடு ஒப்பிட்டால் 1,500. ஆனால் எல்லா மோட்டாரையும் மாற்ற வேண்டியதில்லை. லேத் மோட்டார் நாளில் பாதி நேரம் சும்மா நிற்கும், வெட்டும்போதும் முழுச் சுமை அபூர்வம். அங்கே போட்ட பணம் திரும்ப வெகுநாள் ஆகும். நாள் முழுக்க ஓடும் எக்ஸாஸ்ட், பம்ப், கம்ப்ரசர்தான் முதல் வரிசை. எக்ஸாஸ்ட்டின் வேகத்தை டிரைவ் (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) போட்டு 80 சதவீதத்துக்கு இறக்கினால் மின்சாரம் 51 சதவீதமாகிறது, வேகத்தின் முப்படி கணக்குப்படி.

கம்ப்ரசரில் மோட்டாரை மாற்றும் முன் குழாயைப் பார்க்க வேண்டும். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று விநாடிக்குப் பத்து லிட்டர் காற்றைக் கக்கும். அதை ஈடுகட்ட மூன்று கிலோவாட்டுக்கு மேல் போகிறது. நாற்பது பி.எல்.டி.சி. ஃபேன் மிச்சம் பிடித்தாலும் அந்த ஒரு ஓட்டையில் போவதற்கு ஈடாகாது. பகலில் லேத் சத்தத்தில் 'உஸ்' காதில் விழாது, அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையே சரியான நேரம். எல்லாக் கருவிகளையும் மூடிவிட்டு கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு, எவ்வளவு நேரம் காற்று ஏற்றுகிறது, எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று போனில் நேரம் குறிக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஏற்றி ஆறு நிமிடம் ஓய்ந்தால் கம்ப்ரசர் தரக்கூடிய காற்றில் நாலில் ஒரு பங்கு ஒழுகுகிறது. பிறகு பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஒவ்வொரு ஜாயிண்ட்டாகத் தடவி, குமிழி வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்தால், டெஃப்லான் டேப்பும் ஹோஸ் கிளிப்பும் வாங்க எத்தனை ரூபாய் வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.