தேங்காய் ஒன்றா, ஐந்தா? ஆங்கிலம் எழுதும்போது நாம் கேட்க மறக்கும் கேள்வி

போன மாதம் ஒரு தம்பி தன் போனைக் கொண்டுவந்து காட்டினார். வேலைக்கு விண்ணப்பித்த இடத்திலிருந்து பதில் வந்திருந்தது. ஐந்து கோப்புகள் கிடைத்திருக்கின்றன, நீங்கள் சொன்ன சான்றிதழ் இவற்றில் எது என்று கேட்டிருந்தார்கள். அவர் எழுதியது இதுதான்: 'ஐ அட்டாச் மை சேர்டிபிகேட்.' அனுப்பிய ஐந்துமே சான்றிதழ்கள். "சான்றிதழை இணைத்திருக்கிறேன்" என்று தமிழில் நினைத்து, அதையே ஆங்கிலத்தில் எழுதிவிட்டார். கடைசியில் ஒரு 'ஸ்' இல்லாததால் வாசித்தவர் குழம்பிவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். நம் பிள்ளைகள் தரம் 3 இலிருந்து ஆங்கிலத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள். ஒன்றுக்கு மேல் என்றால் 'ஸ்' போட வேண்டும் என்று தெரியாத பிள்ளை கிடையாது. ஆனால் சாதாரண தரம் எழுதும் வயதிலும் இந்தப் பிழை போவதில்லை. முன்பெல்லாம் கவனக்குறைவு என்று ஏசுவேன். இப்போது ஏசுவதில்லை. இந்தப் பிழை எங்கள் தாய்மொழியிலிருந்து வருகிறது, அதைக் காட்டிக் கொடுத்தால்தான் பிள்ளை திருத்திக்கொள்ளும்.

"அம்மா திருநெல்வேலிச் சந்தையில் தேங்காய் வாங்கினா." எத்தனை தேங்காய்? சொன்னவரும் சொல்லவில்லை, கேட்டவரும் கேட்கவில்லை. தமிழுக்கு அது குறையே இல்லை. "ஐந்து தேங்காய்" என்று எண்ணிச் சொன்னாலும் 'கள்' வேண்டியதில்லை. இப்படி ஒன்றுக்கும் பலவுக்கும் பொதுவாக நிற்கும் சொல்லைத்தான் நன்னூல் என்ற இலக்கண நூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. அந்த நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதிய ஆறுமுக நாவலர் நம் நல்லூர்க்காரர். மாடு வந்தது என்றால் ஒன்று, மாடு வந்தன என்றால் பல. பெயர் மாறவில்லை, வினைதான் எண்ணிக்கையைச் சொல்கிறது. பேச்சில் அதுவும் போய், மூன்று மாடு வந்தாலும் "வந்தது" என்றே சொல்கிறோம்.

ஆங்கிலத்தில் இது தலைகீழ். 'த கௌ கேம்', 'த கௌஸ் கேம்' இரண்டிலும் வினை ஒன்றுதான். எண்ணிக்கை முழுவதையும் பெயரின் வாலில் இருக்கும் அந்தச் சின்ன ஒலிதான் தாங்குகிறது. அதை விட்டால் வாசிப்பவருக்கு வேறு பிடி இல்லை. அதனால் ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் எழுதும்போது ஒன்றா பலவா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். அம்மாவின் தேங்காயை 'ஷீ பொட் கோகனட்' என்று எழுதினால், துருவின தேங்காய்ப்பூ வாங்கினா என்றுதான் ஆங்கிலம் பேசுபவர் நினைப்பார். 'எ கோகனட்' அல்லது 'கோகனட்ஸ்', இரண்டில் ஒன்று வேண்டும்.

பொதுவாக ஒன்றைப் பிடிக்கும் என்று சொல்லும்போது இது இன்னும் முக்கியம். "எனக்கு நாய் பிடிக்கும்" என்பதை ஒரு பிள்ளை 'ஐ லைக் டோக்' என்று எழுதியது. அதற்கு நாய் இறைச்சி பிடிக்கும் என்று பொருளாகிவிடும். 'டோக்ஸ்' என்று எழுத வேண்டும். மாம்பழம் என்றால் 'மாங்கோ', 'மாங்கோஸ்' இரண்டும் சரிதான். முதலாவது அந்தச் சுவையையும் சதையையும் சொல்கிறது. இரண்டாவதில் கறுத்தக்கொழும்பான் முழுப் பழமாகக் கூடைக்குள் கிடக்கிறது.

சரி, அப்படியானால் சந்தேகம் வரும் இடமெல்லாம் 'ஸ்' போட்டுவிடலாமா? அங்கேதான் மற்றப் பக்கத்தால் விழுகிறோம். தகவல்கள், ஆலோசனைகள், தளபாடங்கள் என்று தமிழில் தாராளமாக எழுதுகிறோம். அந்தக் 'கள்'ளைப் பார்த்து 'இன்போமேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'பர்னிச்சர்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இவை அரிசி, தண்ணீர் போல எண்ண முடியாதவை. இரண்டு ஆலோசனை என்றால் 'டூ பீசஸ் ஒஃப் அட்வைஸ்'. 'எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல்லில் மட்டும் நின்று யோசியுங்கள். வேலை அனுபவம் என்றால் 'ஸ்' வேண்டாம், வாழ்க்கையில் நடந்த சம்பவங்கள் என்றால் வேண்டும். வேலை விண்ணப்பத்தில் இந்த இரண்டும் மாறிப்போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

பலர் ஒரே விதமான செயலைச் செய்யும் வாக்கியத்தையும் கவனியுங்கள். "பிள்ளைகள் கையை உயர்த்தினார்கள்" என்பது அழகான தமிழ். ஆங்கிலத்தில் பல பிள்ளைகள் என்றால் பல கைகள், 'தெயர் ஹான்ட்ஸ்'. உயிரிழந்தவர்களைப் பற்றி எழுதும்போதும் அப்படித்தான், 'தெயர் லைவ்ஸ்'. நினைவுக் குறிப்புகளை ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு கேட்டு வருபவர்களுக்காக இந்த ஒரு சொல்லை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். அந்தக் குறிப்புகளில் இந்தப் பிழை இருக்கக் கூடாது என்பது எனக்கு மிகவும் முக்கியம்.

ஓர் இடத்தில் மட்டும் தமிழை நம்பிப் போகலாம். "மூன்று வருடப் படிப்பு" என்கிறோம், "வருடங்கள் படிப்பு" என்பதில்லை. மாம்பழக் கடையும் புத்தகப் பையும் அப்படித்தான். ஆங்கிலமும் இங்கே 'எ த்ரீ இயர் கோர்ஸ்', 'புக் ஷொப்' என்று 'ஸ்' இல்லாமல்தான் போகிறது. முன்னால் நின்று இன்னொரு பெயரை விளக்கும் சொல் பெரும்பாலும் ஒருமைதான்.

அந்தத் தம்பியோடு இருந்து கடிதத்தில் இருந்த பெயர்ச்சொற்களை ஒவ்வொன்றாகப் பென்சிலால் கோடிட்டோம். எண்ணக்கூடிய சொல் ஒருமையில் தனியாக நிற்கக் கூடாது. அதற்கு முன்னால் 'எ', 'த', 'மை' ஏதாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் 'ஸ்' வர வேண்டும். இப்படிப் பார்த்தபோது ஒரு பக்கத்தில் ஏழு இடம் அகப்பட்டது. 'மை சேர்டிபிகேட்' அந்த ஏழில் இல்லை, முன்னால் 'மை' நின்றதால் தப்பிவிட்டது. அதற்கு ஒரே வழி, பின்னால் இணைத்த தாள்களை எண்ணிப் பார்ப்பது. எண்ணினோம், ஐந்து. 'மை ஃபைவ் சேர்டிபிகேட்ஸ்' என்று அவரே எழுதி அனுப்பினார்.