டைட் எண்ட்: வேலை இரண்டு, முதல் அடி ஒன்று

அமெரிக்கக் கால்பந்தில், தாக்கும் அணி தன் 11 பேரில் 7 பேரையாவது பந்து இருக்கும் கோட்டில் நிறுத்தியாக வேண்டும். அந்த வரிசையில் இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் வீசிய பந்தைப் பிடிக்கலாம். நடுவில் நிற்கும் ஐந்து பேரின் வேலை எதிராளியைத் தடுப்பது மட்டும்தான். அந்த ஐவரில் ஓரத்தவரான டேக்கிளின் தோளை ஒட்டி நிற்பவர்தான் டைட் எண்ட். ஆறடி நாலைந்து அங்குல உயரம், 110 கிலோவுக்கு மேல் எடை, அதோடு பந்தைப் பிடிக்கும் உரிமையும் உண்டு. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல் ஆட்டத்தில் எதிரணிக்குத் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தில் அவர் முட்ட வேண்டியது பெரும்பாலும் தன்னைவிடக் கனமான டிஃபென்சிவ் எண்டை, அதாவது எதிரணியின் முன்வரிசை ஓரத்தில் நிற்பவரை. முதல் அடி ஒரு சாணுக்கு மேல் போகக் கூடாது. நீட்டி வைத்தால், மோதும் நேரத்தில் ஒரு கால் அந்தரத்தில் இருக்கும். எதிராளி அப்படியே பின்னுக்குத் தள்ளி, ஓடுபவரின் வழியை அவரைக் கொண்டே அடைத்துவிடுவார். கைகள் எதிராளியின் நெஞ்சுக்குள் போக வேண்டும். தோளுக்கு வெளியே பிடித்தால், அவர் விலகும்போது சட்டையை இழுத்ததாகி 10 யார்டு தண்டனை விழும்.

இதே குனிந்த நிலை, இதே குட்டி அடிதான் அவருடைய தூண்டிலும். ஓட்டம் என்று நம்பி, எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் இரண்டடி முன்னால் வந்தால் போதும், டைட் எண்ட் அவர் முதுகுக்குப் பின்னால் நழுவிவிடுவார். பந்தை வீசும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக் அங்கே வீசுவார். சீக்கிரமே தலையைத் தூக்கினால் குட்டு உடைந்துவிடும்.

சில ஆட்டங்களில் எங்கே திரும்புவது என்பதை ஓடும்போதுதான் முடிவு செய்கிறார். ஐந்தாறு யார்டு ஓடியதும் பார்க்கிறார்: ஒருவர் தன்னையே துரத்தி வந்தால் வெளிப்பக்கம் வெட்டுகிறார், எதிரணியினர் ஆளை விட்டு இடத்தைக் காவல் காத்தால், இருவருக்கு நடுவே நின்று திரும்புகிறார். குவார்ட்டர்பேக்கும் அதையே கணித்திருக்க வேண்டும். கணிப்பு மாறினால், பந்து ஆளில்லாத இடத்துக்குப் போய் எதிரணியின் கையில் விழும். கான்சஸ் சிட்டி சீஃப்ஸின் டிராவிஸ் கெல்சி இதில் தேர்ந்தவர். 2020 பருவத்தில் பந்தைப் பிடித்து 1,416 யார்டு குவித்தார், டைட் எண்ட்களில் அதுவரை இல்லாத சாதனை. தடுப்பாளாகவே பார்க்கப்பட்ட இந்த இடத்துக்கு வேறு முகம் தந்தவர்களில் முன்னோடி சிகாகோ பேர்ஸின் மைக் டிட்கா. 1961-ல், முதல் பருவத்திலேயே 1,076 யார்டு எடுத்தார்.

இரண்டு டைட் எண்ட்களை இறக்கினால் இந்தத் தலைவலி இரட்டிப்பாகும். எதிரணி கனமான லைன்பேக்கர்களை வைத்தால் வீசலாம். வேகமான சிறிய ஆட்களைக் கொண்டுவந்தால் முட்டித் தள்ளி ஓடலாம். பயிற்சியாளர்கள் இந்த அமைப்பை விரும்புவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இத்தனைக்கும் ஒரு சின்னக் கவனக்குறைவு வேட்டு வைக்கும். அதே பக்கத்தில் வெளியே நிற்கும் ரிசீவர், அதாவது பந்தைப் பிடிக்கவே ஓடும் ஆட்டக்காரர், ஓரடி முன்னால் வந்து கோட்டிலேயே நின்றுவிட்டால், வரிசையின் ஓரம் அவராகிவிடுவார். டைட் எண்டின் பிடிக்கும் உரிமை போய்விடும். பிறகு அவர் வீச்சுக்காக முன்னே ஓடினாலே 5 யார்டு தண்டனை. பந்து கிளம்பும் முன் ரிசீவர்கள் ஓரத்து நடுவரைப் பார்த்துக் கையை நீட்டி, தாங்கள் நிற்கும் இடத்தை உறுதிசெய்துகொள்வது இதற்காகத்தான்.