நிறுவனரைத் தாண்டி மெயில் போடுவதற்கு முன்

ஸ்டார்ட்அப்களில் பணம் போடுகிறவர்கள் சார்பில் கணக்கு வழக்குகளைப் பார்ப்பது என் வேலை. அதனால் நிறுவனரைப் பற்றி ஊழியர்கள் எழுதும் மெயில்கள் அவ்வப்போது என்னிடமும் வரும். பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் எழுதியவை. முதல் இரண்டு பக்கம் அவர் எப்படிக் கத்துவார், லீவு நாளில் எத்தனை முறை கூப்பிடுவார் என்று போகும். கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கும், 'ரத்தான ஆர்டர்களையும் விற்பனையில் சேர்க்கச் சொல்கிறார்' என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் அந்த மெயிலே போயிருக்க வேண்டும். ஆனால் அதுவரை பொறுமையாகப் படிப்பவர்கள் குறைவு.

போர்டு, அதாவது இயக்குநர் குழு என்றால் நீதிமன்றம் மாதிரி, அங்கே போய்ச் சொன்னால் விசாரிப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஆரம்பநிலைக் கம்பெனியின் போர்டில் உட்கார்ந்திருப்பது நிறுவனர்களும், அவர்களை நம்பிப் பணம் போட்டவர்களும்தான். அடுத்த ரவுண்டு முதலீடு திரட்டுவது நல்லபடியாக முடிய வேண்டும் என்பது இரண்டு தரப்புக்கும் கவலை. ஓட்டுரிமை பெரும்பாலும் நிறுவனர் கையில்தான். அதனால் முதலீட்டாளருக்கு முதலில் தோன்றுவது, நிறுவனருக்கே போன் போட்டு 'என்னப்பா இது?' என்று கேட்பது. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பழக்கம்.

பெயர் போடாமல் எழுதலாமே என்பீர்கள். ஒருமுறை அப்படி வந்த ஒரு மெயிலில், இரண்டே பேருக்குத் தெரிந்த ஒரு தொகை இருந்தது. எழுதியது யார் என்று நிறுவனர் உடனே கண்டுபிடித்துவிட்டார், அந்தப் பெண் அடுத்த மாதமே வேலையை விட்டார். அந்த மெயிலை நிறுவனருக்கு ஃபார்வர்ட் செய்தது நான்தான், 'விளக்கம் தேவை' என்று ஒரு வரி சேர்த்து. இன்றைக்கு அப்படிச் செய்ய மாட்டேன்.

அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறேனா? இல்லை. நிறுவனர் முசுடு, முடிவை மாற்றிக்கொண்டே இருக்கிறார் என்பதெல்லாம் நேரில் பேச வேண்டியவை, சரிவராவிட்டால் வேறு வேலை தேட வேண்டியவை. போலிக் கணக்கு, பாலியல் தொல்லை, சம்பளத்தில் பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது, வாடிக்கையாளர் உயிரோடு விளையாடுவது, இவற்றுக்கு மேலே போகத்தான் வேண்டும். சில சமயம் போர்டையும் தாண்டி.

அமெரிக்க ரத்தப் பரிசோதனை ஸ்டார்ட்அப் தெரனோஸின் கதையைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகளில் கோளாறு என்று 2014-இல் அங்கே வேலை பார்த்த டைலர் ஷுல்ட்ஸ், நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸுக்கே எழுதினார். கம்பெனியின் இரண்டாவது ஆளிடமிருந்து சீறலாகப் பதில் வந்தது. போர்டில் இருந்தவர் டைலரின் சொந்தத் தாத்தா, முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ். அவரே பேரன் பேச்சை நம்பவில்லை! சக ஊழியர் எரிக்கா சுங் 2015-இல் ஆய்வகங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்புக்கு எழுதினார், அப்புறம்தான் உண்மையான சோதனை வந்தது. இத்தனைக்கும் நடுவே டைலரின் பெற்றோருக்கு வக்கீல் செலவு மட்டும் 4 லட்சம் டாலரைத் தாண்டியது.

சட்டப் பாதுகாப்பும் நீங்கள் யாரிடம் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. டாட்-ஃபிராங்க் என்ற அமெரிக்க நிதித்துறைச் சட்டம் தரும் பாதுகாப்பு, அந்நாட்டுப் பங்குச்சந்தை ஆணையத்திடம் புகார் செய்தவருக்குத்தான், கம்பெனிக்குள் மட்டும் சொன்னவருக்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. உங்கள் நாட்டில் எப்படி என்று ஒரு வக்கீலிடம் ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு அப்புறம் எழுதுங்கள்.

எழுதும்போது ஒரு பக்கம் போதும். எந்தத் தேதி, எந்தத் தொகை, எந்தக் கோப்பு, அவ்வளவுதான். 'மோசடிக்காரர்' மாதிரி வார்த்தைகள் வேண்டாம், ஆடிட்டர் சரிபார்க்கக்கூடிய ஒரே ஒரு விஷயம் இருந்தால் முதலீட்டாளரால் அதைத் தள்ளிவைக்க முடியாது. ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து அனுப்பாதீர்கள். கம்பெனி ஆவணங்களை மொத்தமாக வீட்டுக்கு எடுத்துப் போகவும் வேண்டாம், அதையே உங்கள் மேல் வழக்காகத் திருப்புவார்கள். நிறுவனரோடு நெருக்கமில்லாத தனி இயக்குநர் ஒருவர் போர்டில் இருந்தால் அவருக்கும், முதலீட்டாளர்களில் இன்னொருவருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். தனக்கு மட்டும் வந்ததை ஃபார்வர்ட் செய்வது சுலபம். இன்னொருவருக்கும் வந்திருக்கிறது என்று தெரிந்தால், நானே போனை எடுப்பதற்கு முன் கொஞ்சம் யோசிப்பேன்.