கடவுச்சீட்டில் இருக்கும் கடவு

யாழ்ப்பாணத்தில் 'கடவுச்சீட்டு எடுத்தாச்சோ?' என்று யாரும் கேட்பதில்லை. 'பாஸ்போட் எடுத்தாச்சோ?' என்பதுதான் கேள்வி. கடவுச்சீட்டு என்பது விண்ணப்பப் படிவத்திலும் அந்தப் புத்தகத்தின் அட்டையிலும் இருக்கிற சொல். அதனால் யாரோ மேசையில் இருந்து செய்த சொல் போலத் தோன்றும். பாதி உண்மைதான். மீதிப் பாதி நம் வளவு வேலியில் இருக்கிறது.

பக்கத்து வளவுக்குப் போய்வர வேலியில் ஓரிடத்தைத் திறந்து, குறுக்கே ஒன்றிரண்டு தடி கட்டி விடுவார்கள். ஆள் காலைத் தூக்கி வைத்துக் கடக்கலாம், மாடு வராது. அதுதான் கடப்பு. அகராதியில் கடவை என்றும் உண்டு. (நாய் நுழையும் பொட்டு, அதாவது வேலி ஓட்டை, வேறு, அதற்கு அனுமதியே கிடையாது.) எல்லாம் 'கட' என்ற வினையில் பிறந்தவை. கடவு என்றால் வழி. புகையிரதக் கடவை, பாதசாரிக் கடவை என்று இன்றும் பலகையில் எழுதுகிறோமே, அதே குடும்பம். கடந்துபோக விடும் சீட்டு, கடவுச்சீட்டு.

பாஸ்போர்ட் பிரெஞ்சு வழி வந்தது. 'பாஸ்' கடப்பது, 'போர்ட்' துறைமுகம். ஊர் வாயில் என்று சொல்வாரும் உண்டு. சிங்களத்தில் 'கமன் பலபத்ரய', அதாவது பயண அனுமதிப் பத்திரம். தமிழ் கடப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு துறைமுகத்தை விட்டுவிட்டது. பலாலியில் சென்னை விமானம் ஏறுபவருக்கு அது குறையில்லை. காங்கேசன்துறையில் நாகபட்டினம் கப்பலுக்கு நிற்பவர் வேண்டுமானால் கோபிக்கலாம்.

வீசாவை இதோடு குழப்பக் கூடாது. கடவுச்சீட்டு தருவது சொந்த நாடு. வீசா தருவது போகிற நாடு. கடப்பு இருந்தாலும் அந்த வீட்டுக்காரர் 'வாங்கோ' என்று சொல்ல வேண்டும் அல்லவா, அதுதான் வீசா. லத்தீனில் 'பார்க்கப்பட்ட தாள்' என்ற தொடரின் மிச்சம் அது. நாம் வீசா என்று நீட்டுகிறோம், தமிழகத்தில் விசா. தமிழில் நுழைவிசைவு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. சிலர் நுழைவுச்சீட்டு என்கிறார்கள். அது படம் பார்க்கப் போகும்போது வாங்குவது.

அப்புறம், 'கடவுசீட்டு' என்று எழுதி நடுவில் உள்ள 'ச்' ஐ விழுங்கிவிடாதீர்கள். கைபேசியைத் திறக்க நீங்கள் தட்டும் கடவுச்சொல்லிலும் அதே கடவு, அதே 'ச்' தான்.