ஏற்காட்டுக் கம்பளியும் நடுராத்திரி இழுப்பும்

வீசிங் இருக்கிற பிள்ளையை ரெண்டு நாள் ஏற்காட்டில் வைத்திருந்தால் மலைக்காத்து பட்டுச் சரியாகிவிடும் என்று சேலத்தில் யாராவது ஒரு பெரியம்மா சொல்லாமல் இருக்க மாட்டார். வண்டிப்புகை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது சரி. ஆனால் மெத்தை, கம்பளித் தூசியில் வாழும் தூசி உண்ணி என்ற கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிரால் வரும் ஆஸ்துமா என்றால், ஐப்பசி கார்த்திகையில் பனிமூட்டம் சன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் நேரத்தில், மேலே போய் இழுப்பு அதிகமாகவும் வாய்ப்பு உண்டு.

ஏனென்றால் இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொண்டுதான் உயிர் வாழ்கிறது. சுவிட்சர்லாந்தின் மலையூரான டாவோஸும் ஏற்காடும் கிட்டத்தட்ட ஒரே உயரம், இரண்டும் 1,500 மீட்டரை ஒட்டித்தான். டாவோஸில் காற்று வறண்டது, அங்கே மெத்தைத் தூசியில் உண்ணி மிகக் குறைவு, அதனாலேயே ஆஸ்துமாக்காரர்கள் அங்கே போய்த் தங்கினார்கள். ஏற்காட்டில் துணி காயவே நாலு நாள் ஆகும் மாதங்கள் உண்டே.

உண்ணியின் நீளம் சுமார் 0.3 மில்லிமீட்டர். கடிக்காது, நாம் உதிர்க்கும் செத்த தோலைத் தின்னும். தொல்லை அதன் எச்சத்தில்தான். அதில் டெர் பி 1 என்ற செரிமான நொதி இருக்கிறது, புரதத்தை வெட்டுவதுதான் அதன் வேலை. மூச்சோடு உள்ளே போனால் மூச்சுக்குழாயின் உட்சுவரில் செல்லோடு செல்லை ஒட்டவைத்திருக்கும் புரதங்களையும், செங்கல்லுக்கு நடுவே உள்ள பூச்சைச் சுரண்டுவது போல, வெட்டி வழி பண்ணிக்கொள்கிறது.

காயம்பட்ட செல்கள் ஐஎல்-33, டிஎஸ்எல்பி போன்ற அபாயச் செய்திகளை விடுகின்றன. பக்கத்தில் காவல் இருக்கும் டென்ட்ரிடிக் செல்கள் டெர் பி 1 புரதத்தின் துண்டை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய், நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்களிடம் காட்ட, அவை ஒவ்வாமையைத் தூண்டும் டிஎச்2 என்ற வகையாக மாறி, ஐஎல்-4, ஐஎல்-13 என்ற செய்திப் புரதங்கள் மூலம், எதிர்ப்பொருள் செய்யும் பி செல்களை ஐஜிஇ தயாரிக்கச் சொல்கின்றன. ஐஜிஇ, குடல் புழு போன்ற ஒட்டுண்ணிகளை எதிர்க்க உதவும் எதிர்ப்பொருள். 1966-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான இஷிசாகா தம்பதி இதை அடையாளம் கண்டார்கள். இந்த ஐஜிஇ போய், மூச்சுக்குழாயில் ஒவ்வாமை ரசாயனங்களைச் சேமித்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. இதுவரை பிள்ளைக்கு ஒரு தும்மல்கூட வந்திருக்காது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், சத்தமில்லாமல் இது நடக்கும். எல்லோருக்கும் நடப்பதில்லை, பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு.

அப்புறம் ஒருநாள் பீரோவிலிருந்து பழைய கம்பளியை எடுத்து உதறுகிறீர்கள். எச்சத் துகள் கொஞ்சம் கனமானது, கொஞ்ச நேரத்தில் கீழே படிந்துவிடும், ஆனால் முகத்தைப் புதைத்துத் தூங்கும்போது மூக்குக்கு நேராக இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ இரண்டை டெர் பி 1 சேர்த்துப் பிடித்த உடனே மாஸ்ட் செல், மூச்சுக்குழாயை இறுக்கும் ரசாயனங்களான ஹிஸ்டமினைக் கொட்டுகிறது, லூக்கோட்ரையீனும் சுரக்கிறது. சில நிமிடங்களில் குழாய்த் தசை இறுகி விசில் சத்தம். அது அடங்கினாலும் 4 முதல் 8 மணி நேரம் கழித்து ஈசினோஃபில்கள் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள் வந்து சேர, வீக்கமும் சளியும் கூடி இரண்டாவது சுற்று வரலாம். படுக்கும்போது உதறிய கம்பளிக்கு விடியற்காலையில் இருமுவது இதனால்தான்.

வெயிலில் காயப்போட்டால் உண்ணி சாகலாம், எச்சத்தில் உள்ள டெர் பி 1 புரதம் அப்படியே இருக்கும். அதனால் 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும், மெத்தைக்கும் தலையணைக்கும் இழை நெருக்கமான உறை போட வேண்டும்.

சால்பியூட்டமால் இன்ஹேலர் இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. அதற்குத்தான் ஸ்டீராய்டு இன்ஹேலர். 'பழகிவிடும்' என்று பயந்து, பிள்ளைக்கு ரெண்டு வாரம் இழுப்பு இல்லை என்றதும் வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது மைக்ரோகிராம் அளவில் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகும் மருந்து, பழக்கமாகாது. சத்தம் நின்ற பிறகும் ஈசினோஃபில்கள் அங்கேயே இருக்கும், எப்போது குறைக்கலாம் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.